வட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது? பி அண்ட் ஐ.டி படிக்கத் தொடங்குபவர்களுக்கு

வேலையில் சேர்ந்த முதல் வாரம். சீனியர் ஒருவர் பி அண்ட் ஐ.டி-யை, அதாவது பிளான்ட்டின் பைப்புகளையும் கருவிகளையும் காட்டும் பெரிய டிராயிங்கை, மேஜையில் விரித்து, "இதைப் பார்த்து வை தம்பி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பைப், டேங்க், பம்ப் எல்லாம் ஓரளவு புரியும். ஆனால் நடுநடுவே பட்டாணியை இறைத்த மாதிரி நூறு வட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்து, கீழே ஒரு எண். வட்டத்தைப் பப்பிள் என்பார்கள், உள்ளே இருப்பதை டேக் என்பார்கள். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து, எஃப்.ஐ.சி என்றால் இது, டி.டி என்றால் இது என்று மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பக்கம் நிரம்பியதும் குழம்பி விட்டுவிட்டேன். சேர்க்கைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எழுத்துகளோ 26-தான். எழுத்துகள் எந்த முறையில் சேர்கின்றன என்று தெரிந்துகொண்டால், இதுவரை பார்க்காத டேக்கையும் பிரித்துப் படித்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு சிறு ஒப்பந்தம். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது பிரஷரின் பி-யும் பர்னரின் பி-யும் ஒன்றாகிவிடுகின்றன. டெம்பரேச்சரின் டி-யும் டிஃபரென்ஷியலின் டி-யும் அப்படியே. இங்கே வெறுமனே பி என்றால் பிரஷர். வெறுமனே டி என்றால் டெம்பரேச்சர் அல்லது டிரான்ஸ்மிட்டர், அதாவது அளந்ததைச் சிக்னலாக அனுப்பும் கருவி. மற்றவை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். வாக்கி-டாக்கியிலும் இதே தொல்லை உண்டு. பம்ப் இரைச்சலில் எல்லா எழுத்தும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் டேக்கைச் சொல்லும்போது "டெம்பரேச்சர் டிரான்ஸ்மிட்டர் 101" என்று முழுசாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் லெஜண்ட் ஷீட்

டிராயிங் கட்டின் முதல் ஒன்றிரண்டு தாள்களில் பைப்பே இருக்காது, அட்டவணைகளும் சின்னங்களும்தான் இருக்கும். அதுதான் லெஜண்ட் ஷீட். அவசரத்தில் எல்லோரும் புரட்டித் தாண்டிப் போகும் தாள் அதுதான். நீங்கள் அதில்தான் தொடங்க வேண்டும், ஒரு நகல் எடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

காரணம் இருக்கிறது. இந்த எழுத்துமுறைக்கு அடிப்படை, அமெரிக்காவின் ஐ.எஸ்.ஏ அமைப்பு வெளியிட்ட 5.1 என்ற தரநிலை. 1945-இல் இன்ஸ்ட்ருமென்ட் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்று தொடங்கிய அமைப்பு அது. இன்றைக்கு அதன் பெயர் இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆட்டோமேஷன், சுருக்கம் மட்டும் அதே ஐ.எஸ்.ஏ. 1949-இல் பரிந்துரையாக வந்த இந்த முறை 1984-இலும் 2009-இலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. பழைய பிளான்ட் 1984 முறையிலும், பக்கத்தில் புதிதாகக் கட்டிய யூனிட் 2009 முறையிலும் வரையப்பட்டிருக்கலாம். போதாததற்கு, சில எழுத்துகளை அவரவர் விருப்பத்துக்குத் தரநிலையே விட்டுவைத்திருக்கிறது. அவற்றுக்கு உங்கள் பிளான்ட்டில் என்ன பொருள் என்பது லெஜண்டில் மட்டும்தான் இருக்கும்.

அனல் மின் நிலையத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நீளமாக, எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும் டேக்குகளைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். அது கே.கே.எஸ் என்ற ஜெர்மன் முறை. அதில் இயந்திரம் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது முன்னால் வரும். கருவி பின்னால் வரும்: சி.எஃப் ஓட்டம், சி.எல் மட்டம், சி.பி அழுத்தம், சி.டி வெப்பநிலை. இனி நான் சொல்லப்போவது ஐ.எஸ்.ஏ முறை. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகளில் பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்போவது இதுதான்.

டேக்கை மூன்றாக உடையுங்கள்

12-எஃப்.ஐ.சி-203ஏ என்று ஒரு டேக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 என்பது பிளான்ட்டின் பகுதி எண், சில இடங்களில் இருக்காது. நடுவில் உள்ள எழுத்துகள் கருவியின் வேலை. 203 என்பது லூப் எண். ஒரே அளவீட்டுக்காகச் சேர்ந்து வேலை செய்யும் கருவிகளின் தொகுதிதான் லூப். கடைசி ஏ, ஒரே லூப்பில் ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் பிரித்துக்காட்ட வைத்தது. பி.டி-301ஏ, பி, சி என்று மூன்று டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே பைப்பில் வரிசையாக நின்றால் வீண்செலவு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு சொன்னால்தான் டிரிப் (பிளான்ட்டைத் தானாக நிறுத்துவது) என்று ஓட்டெடுப்பு வைத்திருப்பார்கள்.

லூப் எண்ணில் கவனிக்க ஒன்று இருக்கிறது. சில டிராயிங்குகளில் எஃப்.ஐ.சி-101, டி.ஐ.சி-101, பி.ஐ.சி-101 மூன்றும் இருக்கும். ஒவ்வொரு முதல் எழுத்துக்கும் தனித்தனி வரிசை வைத்திருப்பதால் அப்படி. வேறு சிலவற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை ஓடும், 101 என்ற எண் ஒரு லூப்புக்கு மட்டும்தான். முதல் வகைப் பிளான்ட்டில் "101-ஐ மேனுவலில் போடு" என்று யாராவது சொன்னால், எந்த 101 என்று திருப்பிக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

முதல் எழுத்து எதைக் கவனிக்கிறது என்று சொல்லும்

முதல் எழுத்து பிராசஸில் எதை அளக்கிறோம் என்பது. எஃப் ஓட்டம், எல் மட்டம், பி அழுத்தம், டி வெப்பநிலை. இந்த நான்கும் தெரிந்தாலே எந்தத் தாளிலும் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். ஏ என்றால் அனாலிசிஸ். எதை ஆராய்கிறது, ஆக்சிஜனா அமிலத்தன்மையா என்பது பப்பிளுக்கு வெளியே பக்கத்தில் எழுதியிருக்கும். எஸ் வேகம், வி அதிர்வு, டபிள்யூ எடை, இசட் பொசிஷன், எச் கையால் இயக்குவது. மின்சாரப் பக்கம் போனால் ஐ கரன்ட், ஈ வோல்டேஜ், ஜே பவர். கரன்ட் இண்டிகேட்டருக்கு ஐ.ஐ என்று டேக் வரும்போது அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். சி, ஜி, எம், என், ஓ, அப்புறம் டிஃபரென்ஷியலில் வரும் அந்த இன்னொரு டி, இவையெல்லாம் முதல் எழுத்தாக வந்தால் பிளான்ட்டுக்குப் பிளான்ட் மாறும். வழக்கமாக சி-யை மின்கடத்துதிறனுக்கும், அந்த டி-யை அடர்த்திக்கும், எம்-ஐ ஈரப்பதத்துக்கும் வைப்பார்கள். எக்ஸ் எதிலும் சேராததற்கு.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. டேக், கருவி என்ன ஜாதி என்று சொல்வதில்லை. அது அங்கே என்ன வேலைக்கு நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது.

ஒரு டிஃபரென்ஷியல் பிரஷர் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. அதையே ஆரிஃபிஸ் பிளேட்டின் (பைப்புக்குள் வைக்கும் துளையிட்ட தகடு) இரண்டு பக்கமும் இணைத்தால் ஓட்டத்தை அளக்கிறது, டேக் எஃப்.டி. டேங்கின் மேலும் கீழும் இணைத்தால் மட்டத்தை அளக்கிறது, டேக் எல்.டி. ஃபில்டர் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வைத்தால்தான் பி.டி.டி, நடுவில் உள்ளது டிஃபரென்ஷியலின் டி. பெட்டி ஒன்றுதான், மாடல் நம்பர்கூட ஒன்றாக இருக்கலாம். பல பிளான்ட்டுகளில் கடைசியாகச் சொன்னதை டி.பி.டி என்று முன்பின்னாக எழுதுவார்கள். பேச்சு வழக்கில் "டி.பி டிரான்ஸ்மிட்டர்" என்றே சொல்லிப் பழகியதன் விளைவு அது. தரநிலைப்படி அளக்கும் பொருள் முதலில் வர வேண்டும், அதன் அடைமொழி பிறகு.

ஸ்டோரில் போய் "ஒரு எஃப்.டி கொடுங்க அண்ணே" என்று கேட்டுப்பாருங்கள். "மாடல் என்ன, ரேஞ்ச் என்ன?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் செய்வது சரிதான்.

வால்வுக்கும் இதே விதிதான். டேங்கின் மட்டத்தைப் பார்த்து, உள்ளே வரும் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. கையில் பிடித்திருப்பது ஓட்டத்தை, ஆனாலும் அதன் டேக் எஃப்.வி அல்ல, எல்.வி. யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிகிறதோ அவருடைய எழுத்து.

மற்ற எழுத்துகள், வரிசைப்படி

முதல் எழுத்துக்கு அடுத்து சில சமயம் ஒரு அடைமொழி வரும். மேலே பார்த்த டிஃபரென்ஷியலின் டி ஒன்று. இன்னொரு எஃப் வந்தால் விகிதம்: எஃப்.எஃப்.ஐ.சி என்பது இரண்டு ஓட்டங்களின் விகிதத்தைக் கட்டுப்படுத்துவது. கியூ வந்தால் மொத்தக் கூட்டல்: எஃப்.கியூ.ஐ இதுவரை எவ்வளவு போனது என்று காட்டும், லாரி நிரப்பும் இடத்தில் பார்க்கலாம். எஸ் வந்தால் சேஃப்டி.

அதற்குப் பிறகு வருவது கருவி செய்யும் வேலை. ஐ காட்டும், ஆர் பதிவு செய்யும், ஏ அலாரம் அடிக்கும், ஜி கண்ணாடி, ஈ நேரடியாக உணரும் உறுப்பு, டபிள்யூ தெர்மோவெல். டி அனுப்பும், சி கட்டுப்படுத்தும், எஸ் சுவிட்ச், வி வால்வு, ஒய் கணக்குப் போடும் அல்லது மாற்றிக்கொடுக்கும். காட்டுவது முன்னால், செயல்படுத்துவது பின்னால். எஃப்.ஐ.சி என்று எழுதுவோம், எஃப்.சி.ஐ என்று எழுதுவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் எச், எல்: ஹை, லோ. இரட்டித்தால் ஹை ஹை, லோ லோ. ஒற்றை எச் வழக்கமாக ஆப்பரேட்டரை எழுப்புவதற்கு, இரட்டை எச் பெரும்பாலும் பிளான்ட்டை நிறுத்துவதற்கு.

ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேஷம் மாற்றும் என்பதுதான் இதில் ருசியான பகுதி. எஸ்-ஐ மட்டும் பாருங்கள். எஸ்.ஐ என்றால் வேகம் காட்டி, முதலிடத்தில் ஸ்பீடு. பி.எஸ்.எச் என்றால் அழுத்தம் கூடினால் தட்டும் சுவிட்ச். பி.எஸ்.வி என்றால் சேஃப்டி வால்வு. எல்.எஸ்.எல்.எல் என்பதைச் சத்தமாகப் படித்தால் நாக்கு சுழலும், ஆனால் இடமிருந்து வலமாக உடைத்தால் சாதாரணமானதுதான்: மட்டம், சுவிட்ச், லோ, லோ.

பி.எஸ்.வி-யும் பி.சி.வி-யும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது கவனம் தேவை. அழுத்தம் எல்லை மீறிய அவசரத்துக்கு மட்டும் திறப்பது பி.எஸ்.வி. எப்போதும் வேலை செய்து அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும், வெளியிலிருந்து சிக்னல் தேவைப்படாத ரெகுலேட்டர் பி.சி.வி. கண்ட்ரோலரிலிருந்து சிக்னல் வாங்கும் சாதாரணக் கண்ட்ரோல் வால்வு வெறும் பி.வி. இந்த மூன்றாவதையும் பி.சி.வி என்றே எழுதும் பிளான்ட்டுகள் ஏராளம். சண்டை போட வேண்டாம், லெஜண்டைப் பாருங்கள்.

ஒரே இடத்தில் மூன்று டேக் இருந்தால் இன்னும் கவனம். ஒரு பைப்பில் டி.டபிள்யூ-101, டி.ஈ-101, டி.டி-101 என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். வெளியே தெரியும் தலை டிரான்ஸ்மிட்டர். அதற்குள் நீளக் கம்பிபோல இறங்குவது உணரும் உறுப்பு. அந்தக் கம்பி நுழைந்திருக்கும் உறை தெர்மோவெல், அதாவது டி.டபிள்யூ. லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெர்மிட் வாங்கி, டி.ஈ-யைக் கழற்றி மாற்றலாம். டி.டபிள்யூ-வைக் கழற்றினால் பைப்பில் இருப்பது அப்படியே உங்கள் முகத்தில் வரும். ஸ்பேனரை எந்த அறுகோணத்தில் மாட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம், இரண்டும் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். தெர்மோவெல்லுக்கு ஏன் தனியாக டேக் கொடுத்திருக்கிறார்கள் என்று யோசித்தவர்களுக்குப் பதில் இதுதான்.

ஒய் என்னைப் படுத்திய கதை

ஒய் எழுத்தை நான் பல நாள் பொருட்படுத்தவே இல்லை. எஃப்.ஒய் என்று ஏதோ ஒரு பப்பிள், பக்கத்தில் ஒரு வர்க்கமூலக் குறி. அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆரிஃபிஸில் வரும் அழுத்த வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் பாதியானால் வித்தியாசம் கால்வாசியாகிவிடும். அதனால் டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் சிக்னலை எங்காவது ஓரிடத்தில் வர்க்கமூலம் எடுத்தால்தான் உண்மையான ஓட்டம் கிடைக்கும். அந்த ஓரிடம்தான் எஃப்.ஒய்.

ஒரு ஷட்டவுனில் பழைய டிரான்ஸ்மிட்டரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். புதியதில் வர்க்கமூலத்தை உள்ளேயே எடுக்கும் வசதி இருந்தது, கெட்டிக்காரத்தனமாக அதை ஆன் செய்துவிட்டேன். கண்ட்ரோல் ரூமில் உள்ள எஃப்.ஒய் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. வர்க்கமூலத்துக்கு வர்க்கமூலம். 0-இல் சோதித்தேன், 0. 100-இல் சோதித்தேன், 100. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிளான்ட் ஓடத் தொடங்கியதும் உண்மையில் 50 சதவீத ஓட்டத்துக்குத் திரையில் 71 காட்டியது. இரண்டு ஓரமும் சரியாக இருந்ததால் எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. கடைசியில் சீனியர் வந்து டிராயிங்கில் விரலை வைத்தார். "இது என்ன தம்பி?" எஃப்.ஒய். அன்றிலிருந்து நடுவில் 25, 50, 75 பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

ஒய் வேறு வேலைகளும் செய்யும். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலை 3 முதல் 15 பி.எஸ்.ஐ காற்றழுத்தமாக மாற்றி வால்வுக்குக் கொடுக்கும் கன்வெர்ட்டருக்கும் ஒய்தான். கூட்டுவது, இரண்டில் பெரியதைத் தேர்ந்தெடுப்பது, சோலனாய்டு எல்லாம் ஒய்தான். என்ன வேலை என்று பப்பிளின் பக்கத்தில் சின்னதாகக் குறித்திருப்பார்கள். அந்தச் சின்னக் குறியைத் தவறவிடாதீர்கள்.

பப்பிளின் கோடுகளும் சிக்னல் கோடுகளும்

எழுத்து வேலையைச் சொல்கிறது, வட்டத்தின் வடிவம் இடத்தைச் சொல்கிறது. வெறும் வட்டம் என்றால் ஃபீல்டில் இருக்கிறது, நடந்து போக வேண்டும். நடுவில் ஒரு கோடு என்றால் கண்ட்ரோல் ரூமில் கண்முன்னால் இருக்கிறது. விட்டு விட்டுப் போகும் கோடு என்றால் பேனலுக்குப் பின்னால். இரட்டைக் கோடு என்றால் இயந்திரத்துக்குப் பக்கத்திலுள்ள லோக்கல் பேனல். சதுரத்துக்குள் வட்டம் என்றால் டி.சி.எஸ் என்ற கட்டுப்பாட்டு அமைப்பின் திரையில் வருவது, அறுகோணம் கணினியில் நடப்பது.

சதுரத்துக்குள் டைமண்ட் இருந்தால்? முன்பு சொன்ன சிக்கல் இங்கேதான். 1984 முறையில் அது பி.எல்.சி, அதாவது புரோகிராம்படி இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. 2009 முறையில் அதே சின்னம் பாதுகாப்பு அமைப்பைக் குறிக்கப் பயன்படுகிறது, அதாவது பிளான்ட்டை டிரிப் செய்யும் தனி அமைப்பு. பழைய ஞாபகத்தில் "பி.எல்.சி-தானே" என்று பைபாஸ் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தாளில் எந்த ஆண்டு முறை என்று குறித்திருப்பதை முதலில் பாருங்கள்.

இணைக்கும் கோடுகளில் விட்டு விட்டு வருவது மின் சிக்னல். கோட்டின் மேல் இரட்டைச் சாய்வுக் கீறல்கள் இருந்தால் காற்று. சின்னப் பெருக்கல் குறிகள் இருந்தால் கேப்பிலரி டியூப். சின்ன வட்டங்கள் கோர்த்திருந்தால் டேட்டா லிங்க்.

ஒரு பாய்லர் டிரம்மில் நடந்து பார்ப்போம்

சர்க்கரை ஆலை, காகித ஆலை, சாயப் பட்டறை என்று நம் பக்கம் எங்கே போனாலும் பாய்லர் இருக்கும். அதனால் டிரம் லெவல் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை.

டிரம்மின் பக்கத்தில் எல்.டி-201, வெறும் வட்டம். அதிலிருந்து விட்டு விட்டுப் போகும் கோடு, சதுரத்துக்குள் வட்டமாக இருக்கும் எல்.ஐ.சி-201-க்குப் போகிறது. மட்டத்தை அளந்து, திரையில் காட்டி, கட்டுப்படுத்துகிறது. இதன் வெளியீடு நேராக வால்வுக்குப் போயிருந்தால் அந்த வால்வு எல்.வி-201. சின்ன பாய்லர்களில் அப்படித்தான் இருக்கும்.

பெரிய பாய்லரில் அது சரிப்படாது. திடீரென்று யாரோ அதிக ஸ்டீம் எடுத்தால் டிரம்மின் அழுத்தம் இறங்கும், தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் விரியும், மட்டம் மேலே ஏறியதுபோலக் காட்டும். உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது. மட்டத்தை மட்டும் பார்க்கும் கண்ட்ரோலர் ஏமாந்துபோய், தண்ணீரைக் கூட்ட வேண்டிய நேரத்தில் குறைத்துவிடும். இதற்காக ஸ்டீம் லைனில் எஃப்.டி-202, தண்ணீர் லைனில் எஃப்.டி-203. ஸ்டீம் எவ்வளவு போகிறது என்ற கணக்கும் எல்.ஐ.சி-யின் வெளியீடும் ஒரு ஒய் பப்பிளில், அதாவது எல்.ஒய்-201-இல் கூடி, எஃப்.ஐ.சி-203-க்கு செட் பாயின்ட்டாக, அதாவது எட்ட வேண்டிய அளவாக, போகின்றன. எஃப்.ஐ.சி-203 தண்ணீரின் ஓட்டத்தைப் பார்த்து வால்வை அசைக்கிறது. இப்போது வால்வின் டேக் எஃப்.வி-203. அதே இடம், அதே வால்வு, எஜமானர் மாறியதால் எழுத்து மாறிவிட்டது. இதை ஒருமுறை விரலால் தொட்டுப் பின்தொடர்ந்து பார்த்தீர்கள் என்றால் கேஸ்கேட் என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் தர வேண்டியிருக்காது.

டிரம்மின் மறுபக்கம் எல்.எஸ்.எல்.எல்-204. இது தனியாக நிற்கும், எல்.டி-201-இன் சிக்னலை நம்பியிருக்காது. தண்ணீர் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் பர்னரை அணைக்கும். அப்புறம் எல்.ஜி-205, கண்ணாடி. மட்டத்தைப் பார்க்க பாய்லரில் இரண்டு வழிகள் இருக்க வேண்டும் என்று நம் நாட்டுப் பாய்லர் விதிகளே சொல்கின்றன.

இதே தாளில் வால்வுகளுக்குக் கீழே எஃப்.சி, எஃப்.ஓ, எஃப்.எல் என்று வட்டமில்லாமல் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஃபுளோ கண்ட்ரோலர் என்று படித்துவிடாதீர்கள். காற்றோ மின்சாரமோ போய்விட்டால் வால்வு என்ன ஆகும் என்பது அது: எஃப்.சி மூடிக்கொள்ளும், எஃப்.ஓ திறந்துகொள்ளும், எஃப்.எல் இருந்த இடத்திலேயே நிற்கும். எரிபொருள் வால்வு வழக்கமாக எஃப்.சி, குளிர்விக்கும் தண்ணீரின் வால்வு வழக்கமாக எஃப்.ஓ. வட்டத்துக்குள் எஃப்.ஓ என்று இருந்தால் மட்டும் அது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்ஷன் ஆரிஃபிஸ். வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதே பொருளை மாற்றிவிடுகிறது.

டேக் சொல்லாதவை

எல்.டி என்று இருந்தால் மட்டத்தை அளக்கிறது என்று தெரியும். எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை? டேக்கில் இல்லை. 2005 மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்து, 180 பேர் காயப்பட்ட விபத்தில் நடந்தது இதுதான். 170 அடி உயர டவர் அது. அதன் லெவல் டிரான்ஸ்மிட்டர் அளந்தது அடிப்பகுதியின் சில அடிகளை மட்டும். ஸ்டார்ட்-அப்பின்போது உள்ளே போனது வெளியேறாமல் 150 அடியைத் தாண்டி ஏறியது. திரையில் மட்டம் 10 அடிக்கும் கீழே, மெல்ல இறங்குவதாகவும் காட்டிக்கொண்டிருந்தது. தனியாக வைத்திருந்த ஹை லெவல் அலாரம் அடிக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கலாம் என்றால் அது அழுக்கேறிப் படிக்க முடியாமல் இருந்தது. எல்.டி, எல்.எஸ்.எச், எல்.ஜி என்று டிராயிங்கில் மூன்று பப்பிள்களைப் பார்த்தால் மூன்று கண்கள் இருப்பதாகத் தோன்றும். மூன்றும் பார்க்கின்றனவா என்று தாளில் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு லூப்புக்கும் மூன்று காகிதங்களைச் சேர்த்துப் படியுங்கள். பி அண்ட் ஐ.டி, அந்தக் கருவியின் டேட்டா ஷீட், லூப் டிராயிங். ரேஞ்சும் பொருளும் டேட்டா ஷீட்டில் இருக்கும். எந்த ஜங்ஷன் பாக்ஸ், எந்த டெர்மினல் என்பது லூப் டிராயிங்கில் இருக்கும்.

கடைசியாக, தாளை மடித்துக்கொண்டு ஃபீல்டுக்கு

முதல் நாளே முழு யூனிட்டையும் படிக்கப் போகாதீர்கள். ஒரே ஒரு லூப்பை எடுத்து, டிரான்ஸ்மிட்டரிலிருந்து வால்வு வரை ஹைலைட்டரால் குறித்துக்கொண்டு, ஆப்பரேட்டரிடம் சொல்லிவிட்டு நடந்து போங்கள். ஒவ்வொரு பப்பிளுக்கும் எதிரில் உண்மையான கருவியைக் கண்டுபிடித்து, அதன் ஸ்டீல் பிளேட்டில் உள்ள டேக்கைச் சரிபாருங்கள். ஒரு வாரத்தில் பத்து லூப் போதும். அதற்குப் பிறகு எழுத்துகள் தானாகவே பேசத் தொடங்கும்.

பிளேட் விழுந்துபோன கருவிகள் எல்லா பிளான்ட்டிலும் உண்டு. பக்கத்தில் இருப்பது 203 என்பதால் இது 204-ஆகத்தான் இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். கேபிள் முனையில் உள்ள ஃபெரூல் என்ற சின்ன வளையத்தின் எண்ணைப் பார்த்து லூப் டிராயிங்கோடு ஒப்பிடுங்கள். ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டர் என்றால் ஹார்ட் கம்யூனிகேட்டர் என்ற கைக்கருவியை இணைத்து உள்ளே பதிந்திருக்கும் டேக்கைப் படிக்கலாம். பழைய ஹார்ட் கருவிகளில் டேக்குக்கு 8 எழுத்துகளுக்குத்தான் இடம். அதனால் பகுதி எண்ணையோ நடுக்கோட்டையோ வெட்டிவிட்டுப் போட்டிருப்பார்கள், அது தவறில்லை.

தாளில் ஒன்று, தரையில் வேறொன்று என்று கண்டால், எது சரி என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இரண்டையும் சிவப்புப் பேனாவால் குறித்து, தேதியும் கையெழுத்தும் போட்டு இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.